மீதி பூஜ்யம்

காலையில் கடையைத் திறந்த ரேணுகா ஒவ்வொரு மானிட்டராகப் போட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது கம்ப்யூட்டரில் மட்டும் ஏதோ மாறியிருந்தது. அதில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் கட்டத்தில் வரிகள் நகராமல் நின்றிருந்தன. கடைசி வரியில் ஒரு நீளமான எண், அதை அடுத்து ஆங்கிலத்தில் 'பிரைம்' என்ற வார்த்தை, பிறகு ஓர் ஆச்சரியக்குறி.

வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தாள். 2002ஆம் வருஷம் அது. வாரத்துக்கு ஒரு வைரஸ் வந்து பிரவுசிங் சென்டர்களைப் படுத்திக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைக்கக் கை போய்விட்டது. ஆச்சரியக்குறிதான் தடுத்தது. இத்தனை மாதத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு ஆச்சரியக்குறிகூட வந்ததில்லை.

அந்தப் புரோகிராம் வேதாந்தம் சாருடையது. செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு லெக்சரர். ஐம்பதை நெருங்கும் வயது. மெயில் பார்க்க வருவார். எழுந்து போகும்போது நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டுப் போகிற ஒரே கஸ்டமர் அவர்தான். ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோள் வைத்தார். மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் ஒரு புரோகிராம் இருக்கிறது, உலகம் முழுக்கப் பலர் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார்கள், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் அது கணக்குப் போடும், ஒன்றிரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாமா என்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போகிறவர் கேட்கிறாரே என்று ரேணுகா சரி என்றாள். பகா எண் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் மட்டும் இருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு.

அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். மனைவி காமு எடுத்தாள்.

"காலேஜுக்குக் கிளம்பிண்டிருக்கார். என்ன விஷயம்?"

"மூணாம் நம்பர்ல இன்னாவோ வந்துகீதும்மா. பிரைம்னு போட்டு ஆச்சரியக்குறி போட்டுகீது."

காமு அதை அப்படியே உள்ளே திரும்பிச் சொன்னாள். அவள் ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் யாரோ ஓடும் சத்தம் கேட்டது.

வேதாந்தம் வந்தபோது சட்டையின் மேல் பட்டன் போடப்படாமல் இருந்தது. மானிட்டருக்கு முன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கோ" என்றார்.

"ஏதாவது கெட்டுப்பூட்ச்சா சார்?"

"இல்லைம்மா. ரெண்டை ரெண்டால பெருக்கிண்டே போறோம்னு வச்சுக்கோங்கோ. ஒரு கோடி தடவைக்கும் மேல. வர்றதுல ஒண்ணைக் கழிச்சுடணும். அதான் இந்த எண். முழுசா அச்சடிச்சா மூணு தடிப் புஸ்தகம் வரும். நாப்பது லட்சம் இலக்கம். அதை எதாலயும் வகுக்க முடியாதுங்கறது மெஷின். ஒண்ணாலயும் அதாலயும் தவிர."

ரேணுகா திரையையே பார்த்தாள். பிகாம் இரண்டாம் வருஷத்தோடு நின்றவள். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து, ஆறு மெஷின் போட்டுக் கடை நடத்துகிறாள். கணக்கில் அவள் மோசமில்லை. ஆனால் திரையில் இருந்தது அவர் சொன்னதோடு பொருந்தவில்லை.

"சார், இங்க அதுக்கு மேல் வரில மீதி பூஜ்யம்னு போட்டுகீது. மீதி பூஜ்யம்னா வகுபட்டுடுச்சின்னுதானே அர்த்தம்? அப்ப எப்படி சார் பகா எண்ணு?"

வேதாந்தம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலை வேளையில் முதல்முறையாகச் சிரித்தார். பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவி 31 என்று எழுதினார்.

"இதுவும் அதே ஜாதி எண்தான். அஞ்சு ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கழிச்சது. இதைச் சோதிக்கிற முறை வேற. நேரா வகுத்துப் பாக்கறதில்லை. நாலுல ஆரம்பிக்கணும். நாலை நாலால பெருக்கி ரெண்டைக் கழிச்சா பதினாலு. பதினாலைப் பதினாலால பெருக்கி ரெண்டைக் கழிச்சா நூத்தித் தொண்ணூத்தி நாலு. அதை முப்பத்தொண்ணால வகுத்தா மீதி எட்டு. எட்டை எட்டால பெருக்கி ரெண்டைக் கழிச்சா அறுபத்திரண்டு. முப்பத்தொண்ணால வகுத்தா மீதி?"

"பூஜ்யம்."

"கடைசிச் சுத்துல பூஜ்யம் வந்தா பகா எண். வரலேன்னா இல்லை. எத்தனை சுத்துன்னு கணக்கு இருக்கு. நம்ம எண்ணுக்கு ஒரு கோடிக்கு மேல சுத்து."

"ஏன் சார் நாலுல ஆரம்பிக்கணும்? ஏன் ரெண்டு கழிக்கணும்?"

"அதைச் சொல்ல ஒரு வருஷம் ஆகும்மா."

ஒவ்வொரு வரியும் புரிந்தது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் எதுவும் புரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பூஜ்யம் ஒன்று, இந்தப் பூஜ்யம் வேறொன்று என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள்.

போகும்போது அவர் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ. இந்தத் தேடலை நடத்தற குழு இருக்கு. அவா வேற மெஷின்ல திரும்ப ஓட்டிப் பாப்பா. சில வாரம் ஆகும். அவா சரின்னு சொன்னாத்தான் நிச்சயம்."

ரேணுகா கணவன் கார்த்தியிடம் மட்டும் சொன்னாள். அவன் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"சரி, இத்த வச்சிகினு இன்னா பண்றது?"

"தெரியலப்பா."

"வகுக்க முடியாதுன்றது ஒரு பெரிய விஷயமா?"

"சாருக்கு முழி ரெண்டும் கலங்கிடுச்சி. பெரிய விஷயமாத்தான் இருக்கணும்."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரே வாயைத் திறந்துவிட்டார். ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அந்த ஒருவர் பாலசுப்ரமணியன். இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பாலசுப்ரமணியன் இப்போது கணித ஆசிரியர்கள் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர். சங்கத்தின் ஆண்டு விழாவை மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சிறப்பு நிகழ்ச்சி எதுவும் அமையாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் வேதாந்தத்துக்கே தெரிந்தது. 'உலகின் மிகப்பெரிய பகா எண்ணைக் கண்டறிந்த நம் பேராசிரியருக்குப் பாராட்டு விழா.' கீழே சின்ன எழுத்தில், 'கணினி உதவி: திருமதி ரேணுகா கார்த்தி.'

வேதாந்தம் அழைப்பிதழோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் அவா பதில் வரலை ரேணுகா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அச்சடிச்சாச்சு, சீஃப் கெஸ்ட்டுக்குச் சொல்லியாச்சுங்கறான். மெஷின்தான் சொல்லிடுத்தே, இன்னும் எதுக்குப் பயப்படறேங்கறான்."

"மெஷினு தப்பா சொல்லுமா சார்?"

"சொல்லாது." கொஞ்ச நேரம் கழித்து, "பொதுவா சொல்லாது" என்றார்.

ரேணுகா தன் பெயர் இருந்த வரியை இரண்டு மூன்று தடவை பார்த்தாள். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்யும் அவள் வீட்டாருக்கு அந்த அழைப்பிதழில் ஒன்றை அனுப்பிவைத்தாள். அவள் அப்பா அதை ஊரெல்லாம் காட்டினாராம். என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கு, "எம்பொண்ணு ஒரு நெம்பரு கண்டுபுடிச்சிகிறா" என்று சொன்னாராம். எந்த ஊர் நம்பர், யார் நம்பர் என்று கேட்டவர்களிடம் அழைப்பிதழையே மறுபடி நீட்டினாராம்.

விழா அன்று காலையில் வேதாந்தம் போன் செய்தார். அவரும் காமுவும் முன்கூட்டியே மாமல்லபுரம் போகிறார்கள், பாலசுப்ரமணியன் கார் அனுப்பியிருக்கிறார், கிளம்பும்முன் மெயில் பார்க்க நேரமில்லை, அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பாஸ்வேர்டைச் சொன்னார். ரேணுகா உடனே பார்த்தாள். எதுவும் வந்திருக்கவில்லை. மத்தியானம், கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதற்கு முன் சும்மா இன்னொரு தடவை பார்த்தாள். வந்திருந்தது.

சிறிய மெயில்தான். முதலில் நன்றி சொல்லியிருந்தார்கள். பிறகு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இரண்டு தனித்தனிக் கம்ப்யூட்டரில் அதே எண்ணைச் சோதித்தார்களாம். இரண்டிலும் கடைசி மீதி பூஜ்யம் இல்லையாம். இரண்டிலும் ஒரே மீதி வந்ததாம். அந்த மீதியின் கடைசிப் பகுதியை எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு வரியில் கொடுத்திருந்தார்கள். ஆகவே அந்த எண் பகா எண் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரின் நினைவகத்திலோ வேறு எங்கோ பிழை நேர்ந்திருக்கலாம், இப்படி நடப்பதுண்டு என்று முடித்திருந்தார்கள்.

ரேணுகா திரும்பத் திரும்பப் படித்தாள். தன் இங்கிலீஷ் மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பூஜ்யம் இல்லை என்றால் நல்லதா கெட்டதா என்பதே ஒரு நிமிடம் குழம்பிப்போனது. அன்றைக்கு எழுதிய 31 கணக்குத் தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதைப் பார்த்து, பூஜ்யம் வந்தால்தான் பகா எண், வராவிட்டால் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிரிண்ட் எடுத்தாள்.

நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கார்த்தியை எழுப்பிச் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஃபங்ஷன் முடிஞ்சப்பறம் குடேன். ஒரு மணி நேரத்துல அந்த நம்பரு எங்க ஓடிடப் போவுது?"

"தெரிஞ்சிகினே எப்டிப்பா அவர மேடையில ஏத்தி வுடறது?"

"நீ மெயில பாக்கவே இல்லன்னு நெனச்சிக்க."

"பாத்துட்டனே."

கார்த்தி யோசித்தான். "அவுருக்குப் போடப் போற சால்வ அது. நீ ஏன் அத்த புடுங்கிற மாதிரி போய் நிக்கணும்?"

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரியைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற ரோடு. கருங்கல் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் வெகு தூரம் போக வேண்டியிருந்தது. கொடுத்துவிடலாம் என்று ஒரு வளைவில் தீர்மானித்தாள். அடுத்த வளைவில் வேண்டாம் என்று தோன்றியது. விழா முடிந்த பிறகு கொடுத்தால், எப்போது வந்தது என்று அவர் கேட்பார். பொய் சொல்ல வேண்டும். இப்போதே கொடுத்தால், அந்த மனுஷன் அத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்வார்? கடல் காற்று முகத்தில் அடிக்கும் இடம் வந்தபோதும் அவள் எதையும் தீர்மானித்திருக்கவில்லை.

ஹோட்டல் ஹாலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். எழுதியவன் 'பகு எண்' என்று எழுதிவிட்டிருந்தான் போல. 'கு' இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி அதில் 'கா' என்று மார்க்கரால் எழுதியிருந்தார்கள். காமு முன் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். ரேணுகாவைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்டாள்.

அதற்குள் வேதாந்தமே வந்துவிட்டார். வேஷ்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு, நெற்றியில் புதிதாக ஸ்ரீசூர்ணம் இட்டிருந்தார்.

"மெயில் வந்துதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. "வந்துது சார்" என்று சொல்லித் தாளை நீட்டினாள்.

அவர் நின்றபடியே படித்தார். அவர் முகம் மாறும் என்று ரேணுகா எதிர்பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு பையன் போட்ட கணக்கைப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மெஷின்லயும் ஒரே மீதி. அப்போ சந்தேகமே இல்லை" என்றார், அவளிடம் இல்லை, பொதுவாக.

மேடைக்குப் போய்ப் பாலசுப்ரமணியன் காதில் ஏதோ சொன்னார். பாலசுப்ரமணியன் சீஃப் கெஸ்ட்டைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். 'இப்போ வேண்டாம்' என்பது ரேணுகாவுக்குத் தூரத்திலிருந்தே புரிந்தது. வரவேற்புரை நடந்தது. யாரோ ஒரு பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். பிறகு வேதாந்தத்தைப் பேசச் சொன்னார்கள்.

அவர் மைக்கை இரண்டு விரலால் தொட்டார்.

"நான் கண்டுபிடிச்சதா சொல்ற எண் பகா எண் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது. மெஷின் தப்புப் பண்ணிடுத்து. அதனால இந்த விழாவுக்குக் காரணம் இல்லை. எல்லாரும் மன்னிக்கணும்."

ஹாலில் கைதட்டல் எழுந்தது. தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். வேதாந்தம் கையை உயர்த்தி, "இல்லை, நிஜமாவே" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நடு வரிசையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுந்தார்.

"சார், அப்படின்னா அது எந்த எண்ணால வகுபடுது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? யாருக்கும் தெரியாதா?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

சிரிப்பு பரவியது. "எதால வகுபடும்னே தெரியாதப்ப வகுபடும்னு எப்படி சார் சொல்றீங்க?" என்று இன்னொருவர் கேட்டார். வேதாந்தம் விளக்கத் தொடங்கினார். அதற்குள் பாலசுப்ரமணியன் மைக்கை வாங்கி, நேரமின்மை காரணமாக என்று சொல்லிச் சீஃப் கெஸ்ட்டை அழைத்தார். அவர் கையில் ஏற்கெனவே எழுதி வைத்த பேச்சு இருந்தது. அதிலிருந்து ஒரு வரியையும் விடாமல் படித்தார். உலகின் மிகப்பெரிய பகா எண் நம் மாவட்டத்தில் பிறந்தது என்றார். சால்வை போர்த்தினார்கள். வேதாந்தம் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். ஏற்றுக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று ரேணுகாவுக்குத் தோன்றியது. 'கணினி உதவி' என்று அவள் பெயரையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது வேதாந்தம், காமு, ரேணுகா மூவரும் ஹோட்டலின் பின்பக்கம் சவுக்கு மரங்களுக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் கட்டுமரத்தைத் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காமு சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"விழா முடிஞ்சப்பறமா குடுத்திருக்கலாமே ரேணுகா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. செய்தது சரியா தப்பா என்று கேட்டால் ரேணுகாவுக்குச் சொல்லத் தெரியாது. அவர் கேட்டார், அவள் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது.

"அவ பேர்ல தப்பு ஒண்ணும் இல்லை காமு. நான்தானே பாலுகிட்ட உளறினேன்" என்றார் வேதாந்தம்.

ரேணுகா மெதுவாகக் கேட்டாள்:

"சார், அங்க ஒருத்தர் கேட்டாரே, அதேதான் எனுக்கும். எதால வகுபடும்னு தெரியாமயே வகுபடும்னு எப்படி சார்?"

அவர் அழைப்பிதழின் பின்பக்கத்தில் 2047 என்று எழுதினார். பேனா பிடித்ததும் குரல் தெளிந்துவிட்டது.

"ரெண்டைப் பதினோரு தடவை போட்டுப் பெருக்கி ஒண்ணு கழிச்சது. பாத்தா பகா எண் மாதிரியே இருக்கும். நாலுல ஆரம்பிச்சு அதே முறையில ஒன்பது சுத்து போங்கோ. கடைசில 1736 மீதி வரும். பூஜ்யம் இல்லை. அதனால பகா எண் இல்லை. முடிஞ்சுது. ஆனா 1736ஐ எப்படித் திருப்பிப் பாத்தாலும் 23ம் 89ம் அதுல தெரியாது. அந்த ரெண்டைப் பெருக்கினாத்தான் 2047. அதைத் தனியா தேடித்தான் பிடிக்கணும். சின்ன எண்ணுங்கறதால பிடிச்சுட்டோம். நம்மளோடதுக்கு நாம இருக்கற வரைக்கும் யாரும் பிடிக்காமலே போகலாம்."

"வகுபடும். ஆனா எதாலன்னு தெரியாது."

"ஆமாம்."

"இது இன்னா சார் கணக்கு" என்றாள் ரேணுகா. காமு சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகக் கணவனைப் பார்த்தாள். அவரும் பாதி சிரித்தார்.

அதற்குப் பிறகு வேதாந்தம் கடைக்கு வரவில்லை. மறுநாள் ஒரு பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், சாதனைப் பேராசிரியருக்குப் பாராட்டு என்று படத்தோடு வந்தது. கடைக்கு வருகிறவர்கள் ரேணுகாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். "அது தப்பா பூட்ச்சிங்க" என்று அவள் சொன்னால், "அட, விடுங்க மேடம்" என்றார்கள். கல்லூரியில் மட்டும் வேறு மாதிரி. அங்கே விஷயம் தெரிந்துவிட்டது. பையன்கள் அவரைப் பார்த்தால், 'மீதி எவ்வளவு சார்' என்று முணுமுணுக்கிறார்களாம். காமு போனில் சொன்னாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் சடையப்பன் மூன்றாம் நம்பரைத் திறந்து பார்த்தான். நினைவகக் கார்டை எடுத்து ஊதித் திரும்பப் போட்டு, "இது நல்லாத்தான் கீது" என்றான். சோதனைப் புரோகிராமை ஒரு பகல் முழுக்க ஓட்டிவிட்டு, "எப்பவாவது ஒரு தபா தப்புது. சூடானா தப்புதா, கரண்ட்டு ஏறி எறங்குனா தப்புதா, சொல்ல முடியல" என்றான்.

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் ரேணுகா கம்ப்யூட்டர் கால்குலேட்டரைத் திறந்து 2047ஐ எடுத்துக்கொண்டாள். நாலு, பதினாலு, நூற்றுத் தொண்ணூற்று நாலு. அடுத்த சுற்றில் மீதி 788. அடுத்து 701. இப்படியே போய்க் கடைசியில் 1736க்குப் பதில் வேறு ஏதோ வந்தது. திரும்பப் பார்த்தாள். நடுவில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த எல்லாமே தப்பு. மறுபடி முதலிலிருந்து போட்டாள். 1736 வந்தது. ஒன்பது சுற்றிலேயே தான் தடுக்கி விழுந்தால் கோடிச் சுற்றில் அந்த மெஷின் விழுந்ததில் என்ன ஆச்சரியம் என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. தப்பு நடந்தால் எந்த எண் வேண்டுமானாலும் வந்திருக்கலாமே. போயும் போயும் பூஜ்யம் ஏன் வந்தது?

அதைக் கேட்கவே அவர் வீட்டுக்குப் போனாள். வேதாந்தம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் பேனாவை மூடினார்.

"நானும் அதையேதான் யோசிச்சிண்டிருக்கேன். அந்தக் குழுவையும் கேட்டேன். அவாளுக்கும் தெரியலை. வேற ஏதாவது வந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணா போயிருக்கும்."

"சார், அதே நம்பர அஞ்சாம் நம்பர் மெஷின்ல திரும்ப ஓட்டலாமா? அது புது மெஷினு."

"எதுக்கும்மா? ரெண்டு மெஷின் சொல்லியாச்சே."

"என் மெஷினு சொல்லலியே சார்."

அவர் விடைத்தாள்களைப் பார்த்தார். பேனாவைத் திறந்து மறுபடி திருத்தத் தொடங்கினார். ஆனால் அடுத்த நாள் மாலை கடைக்கு வந்தார். ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து புரோகிராமைப் போட்டார். போகும்போது நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போக மறந்துவிட்டார்.

மழைக்காலம் வந்தது. கரண்ட் போனபோதெல்லாம் கணக்கும் நின்று, வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ரேணுகா அந்த மெஷினைக் கஸ்டமருக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். ஜன்னல் பக்கமிருந்து அதைத் தள்ளி வைத்தாள். ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். "எனக்கு ஃபேன் இல்ல, அதுக்கு ஃபேனா" என்று கார்த்தி சண்டை பிடித்தான். பிறகு அவனே கம்பெனியிலிருந்து வரும் வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்து, "எவ்ளோ ஆயிகீது?" என்று கேட்க ஆரம்பித்தான்.

கடைசிச் சுற்று நெருங்கிய நாளில் வேதாந்தம் மாலையே வந்துவிட்டார். இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். எது வர வேண்டும் என்று தான் விரும்புகிறோம் என்று ரேணுகாவுக்குப் புரியவில்லை. பூஜ்யம் வந்தால், அந்த இரண்டு மெஷினும் பொய். வராவிட்டால், எல்லாம் உண்மையாகவே முடிந்துபோகும். அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அதே நிலையில்தான் இருந்தார் போல.

வரி நகர்ந்தது. பிரைம் இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த மீதி ஒன்று மட்டும்.

வேதாந்தம் பையிலிருந்து அந்த மெயிலை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

"நான் படிக்கறேன். நீங்க திரையில பாருங்கோ."

அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவள் விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் "ஆமாம் சார்" என்றாள். பாதியில் அவர் குரல் வேகமாகியது. கடைசி எழுத்து வந்தது.

"ஆமாம் சார்."

எங்கேயோ, பெயர் தெரியாத ஊரில், யாரோ ஒருவரின் மெஷின் சொன்ன அதே வரி. ஒரு எழுத்துகூட மாறாமல் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில் வந்திருந்தது. வேதாந்தம் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் தோள்கள் இறங்கின. ரேணுகாவுக்கு அழுகை வந்த மாதிரி இருந்தது, ஆனால் அது அழுகை இல்லை.

போன் அடித்தது. காமு.

"முடிஞ்சுதா? என்ன வந்துது?"

"மெயில்ல இருந்ததேதாம்மா வந்துது. அப்டியே ஒத்துப் பூட்ச்சு."

"அப்படின்னா நல்லதா, கெட்டதா?"

ரேணுகா திரும்பிப் பார்த்தாள். வேதாந்தம் திரையில் இருந்த வரியை இன்னொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கஸ்டமருக்கு ஏதோ விளக்கிக்கொண்டும் இருந்தார்.

"தெரியலம்மா" என்றாள். "ஆனா சாரு சிரிச்சிகினு கீறாரு."